மலையில் வாழ்வும் தொழிலும் இளைப்பாறலும்: ஏலகிரி காட்டும் வழி

தண்டலத்தில் கிராம சபைக் கூட்டம் முடிந்து, மரத்தடியில் பேசிக்கொண்டிருந்த வேளையில், வயது முதிர்ந்த விவசாயி ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, எங்கள் வீட்டு மாடிக் கொட்டகையில் ஏலகிரி மலைப் பிள்ளைகள் நால்வர் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். கம்பெனியில் வேலை. அவர்கள் ஊரிலே நிலம் இருக்கிறது; பலா மரம் இருக்கிறது; கோடையிலும் குளிர்ந்த காற்று இருக்கிறது. நம் பக்கத்து ஜனங்கள் விடுமுறை நாளில் பணம் செலவழித்து அந்த மலைக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வருகிறார்கள். மலைக்குச் சொந்தக்காரப் பிள்ளைகளோ இங்கே வந்து தகரக் கூரையின் கீழ் புழுங்கிக் கிடக்கிறார்கள். இது என்ன கணக்கு?"

அன்று அக்கேள்விக்கு நிறைவான விடை அளிக்க நம்மால் இயலவில்லை. ஆனால் அதை மறக்கவும் இயலவில்லை. மலைப்பகுதிகளை மக்கள் வாழ்வதற்கும், தொழில் நடத்துவதற்கும், இளைப்பாறுவதற்கும் ஏற்ற இடங்களாக வளர்க்கவேண்டும் என்று பலரும் பேசிவரும் காலம் இது. அவ்வளர்ச்சி யாருக்காக, எந்த வரிசையில் நடைபெறவேண்டும் என்பதே பெரியவரின் கேள்வியில் அடங்கியுள்ள பொருளாகும். பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் இதைப் பற்றிச் சற்று ஆழ்ந்து சிந்திப்பது நலம் எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சமவெளிக்கும் மலைக்கும் உள்ள உறவு

தண்டலம் சமவெளி ஊர். ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இன்று மோட்டார் வாகனங்களுக்கும் மின்னணுப் பொருள்களுக்கும் பெயர்பெற்ற தொழில் வட்டாரங்கள். மலையைப் பற்றி நமக்கென்ன என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவதற்கு இடமில்லை என்பதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, நீர். காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு உயிர்நாடியான பாலாற்றுடன் திருமுக்கூடலில் வந்து கலக்கும் செய்யாறு, ஜவ்வாது மலையிலே பிறக்கிறது. மலையில் மரம் குறைந்தால் மழை நீர் மண்ணில் இறங்காமல் ஒரே ஓட்டமாக ஓடிவிடும். வண்டல் அடித்துவரப்பட்டு ஏரிகள் தூர்ந்துபோகும். மலையில் நடைபெறும் நன்மையும் தீமையும் சில காலம் கழித்துச் சமவெளி விவசாயியின் கிணற்றில் தெரியவரும்.

இரண்டாவது, சாலை. தண்டலத்தின் வழியே செல்லும் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையே காஞ்சிபுரம், வேலூர், ஆம்பூர் வழியாக வாணியம்பாடிக்குச் செல்கிறது. அங்கிருந்து திருப்பத்தூர்ச் சாலையில் திரும்பினால், பொன்னேரி என்னும் ஊரில் ஏலகிரி மலைப்பாதை தொடங்குகிறது. நம் ஊரிலிருந்து மலையுச்சி சுமார் 200 கிலோமீட்டர். எனவே நமது தொழிற்சாலைகளில் ஆறு நாள் உழைத்தவர்கள் ஏழாம் நாள் நாடும் மலைகளில் இது முதன்மையான ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை.

மூன்றாவது, மனிதர். ஏலகிரி, ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன், கொல்லி ஆகிய மலைகளில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தாருடன் இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது. இவர்கள் பேசுவது தமிழே. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது இவர்களிடையே வழிவழியாக வழங்கும் செய்தி. 1909ஆம் ஆண்டில் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் நூல் தொகுதியிலும் இவ்வழக்கு பதிவாகியுள்ளது. காஞ்சியிலிருந்து மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள் இன்று பிழைப்பை நாடிக் காஞ்சி மாவட்டத்துக்கே இறங்கி வருகிறார்கள் என்றால், அவர்களுடைய ஊரைப் பற்றிய கவலை நமக்கும் உரியதேயாகும்.

ஏலகிரியின் இன்றைய நிலை

ஏலகிரி மலை 2019 நவம்பரில் உருவான திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில், 14 சிற்றூர்கள் அமைந்த ஒரு மேட்டுநிலம் அது. அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகளும் 14. நிலமட்டம் ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் பொதுவாக ஆறு பாகை அளவுக்குக் குறையும் என்பது இயற்கை நியதி. வாணியம்பாடியில் அனல் வீசும்போது அத்தனாவூரில் மக்கள் நிம்மதியாக மூச்சு விடுவதற்கு இதுவே காரணம்.

முற்காலத்தில் இம்மலை ஜமீன்தார்களின் உடைமையாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னர், 1950களின் தொடக்கத்தில் அரசின் வசமாயிற்று. இன்று புங்கனூரில் செயற்கை ஏரியும் படகுத்துறையும் உள்ளன. பூங்கா உண்டு, சுவாமி மலை என்னும் சிகரத்துக்கு நடந்து ஏறும் பாதை உண்டு, நிலாவூரில் ஓர் ஏரி உண்டு, திருப்பத்தூர்ப் பக்கம் இறங்கினால் ஜலகாம்பாறை அருவி உண்டு. கோடை விழாவும் இங்கு நடத்தப்பட்டு வந்திருக்கிறது. பலா, கொய்யா, தேன் ஆகியவை இம்மலையின் பேர்பெற்ற விளைபொருள்கள்.

உதகையையும் கொடைக்கானலையும் போல் பெரிய நகரமாகிவிடாமல், இன்னும் சிற்றூர்களின் தொகுதியாகவே ஏலகிரி இருந்துவருகிறது. இதைக் குறை என்பாரும் உளர். இதுவே அதன் செல்வம் என்பது நமது கருத்து. ஏனெனில் இனிமேல் என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது என்று தீர்மானிப்பதற்கு அவ்வூர் மக்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

முதலில் வாழ்வு

மலைப்பகுதியின் வளர்ச்சி என்றவுடன் விடுதியும் படகும் விழாவுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. இது தலைகீழான வரிசையாகும். மலையில் பிறந்தவர் மலையிலேயே வாழ்வதற்கு வேண்டிய சௌகரியங்கள் முதலில் அமையவேண்டும். தொழில் அடுத்தது. உல்லாசப் பயணம் அதற்கும் அடுத்தது. இவ்வரிசை மாறினால் மலை வளரும்; மலைமக்கள் வளரமாட்டார்கள்.

பிழைப்பில்லாத மலையூரின் நிலை எவ்வளவு கொடியது என்பதை நம் மாநிலம் ஒரு முறை மிகுந்த துயரத்துடன் கண்டது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திர மாநிலத்துச் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டச் சென்றதாகக் கூறப்பட்ட 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் அம்மாநிலச் சிறப்புப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். அவர்களுள் பலர் ஜவ்வாது மலை முதலிய மலையூர்களைச் சேர்ந்தவர்கள். கூலிக்காக அவ்வளவு தொலைவும் அவ்வளவு அபாயத்தையும் நாடிச் செல்லும் நிலை ஏன் ஏற்பட்டது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். சொந்த ஊரில் ஆண்டு முழுவதற்கும் வேலை இருந்திருப்பின், எத்தனை வீடுகளில் விளக்கு அணையாதிருந்திருக்கும்!

வாழ்வுக்கு அடிப்படை நிலம். காட்டை ஒட்டி வாழும் பழங்குடியினருக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பெரிய துணையாக அமைந்துள்ளது. 2005 டிசம்பர் 13க்கு முன்னிருந்து காட்டு நிலத்தைத் தாமே உழுது பயிரிட்டு வரும் பழங்குடிக் குடும்பம், 4 ஹெக்டேர் வரை உரிமை பெறலாம். இவ்வுரிமை வாரிசுகளுக்குச் செல்லும். ஆனால் பிறருக்கு விற்கவோ மாற்றவோ இயலாது. தேன், கடுக்காய், புளி போன்ற சிறு வன விளைபொருள்களைச் சேகரித்து விற்பதற்கும் இச்சட்டம் உரிமை அளிக்கிறது. விண்ணப்பங்களை முதலில் ஏற்று ஆராயும் அதிகாரம் கிராம சபைக்கே உரியது. ஆதலின் இதை அறிந்த ஒரு பஞ்சாயத்து உறுப்பினர் இருந்தாலே ஒரு மலையூரின் தலையெழுத்து மாறக்கூடும்.

பட்டா நிலத்தின் கதை வேறு. அதை விற்பதற்குப் பெரும்பாலும் தடையில்லை. நல்ல விலை வருகிறது, மகள் திருமணம் வருகிறது, நிலம் போய்விடுகிறது. இவ்விஷயத்தில் தண்டலத்து விவசாயிகள் மலைவாசிகளுக்கு ஆசிரியர்களாக விளங்கத் தக்கவர்கள். 1990களின் பிற்பகுதியிலிருந்து நமது வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகின. நிலத்தை விற்ற குடும்பங்களுள் சில அப்பணத்தை மற்றொரு நிலமாகவும், மக்களின் படிப்பாகவும், வாடகைக் கட்டடமாகவும் மாற்றிக்கொண்டன. வேறு சில குடும்பங்கள் வீடும் வாகனமும் வாங்கின. சில ஆண்டுகளில் கையில் இருந்தது கரைந்தது. பின்னர், தம் வயல் இருந்த இடத்துச் சுற்றுச்சுவருக்கு வெளியே காவற்காரராக நின்றவர்களையும் நாம் அறிவோம். நிலம் ஒரே ஒரு முறைதான் விற்கும். குத்தகையோ ஆண்டுதோறும் பேசும். விடுதி கட்ட விரும்புவோருக்கு நிலத்தை விற்பதைவிட, காலவரையிட்டுப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து குத்தகைக்கு விடுவது மலை விவசாயிக்குப் பெரும்பாலும் நலம் தரும்.

வெளியூரார் கட்டும் விடுமுறை வீடுகளைப் பற்றியும் ஒரு சொல். ஆண்டில் பத்து நாள் திறந்து மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீடு, ஊருக்கு உயிரூட்டுவதில்லை. நிலத்தின் விலையை மட்டும் உயர்த்திவிடுகிறது. மலைநாடுகளுள் செல்வம் மிக்கதான ஸ்விட்சர்லாந்தில் 2012ஆம் ஆண்டு இதற்காக மக்கள் வாக்கெடுப்பே நடந்தது. எந்த ஊரிலும் மொத்த வீடுகளில் இத்தகைய இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டலாகாது என்று அந்நாட்டு மக்கள் தீர்மானித்தார்கள். பணம் கொழிக்கும் நாட்டுக்கே இக்கவலை உண்டென்றால், நமது மலையூர்களுக்கு அது எவ்வளவு தேவை என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

அடுத்தது தொழில்

மலையில் தொழில் என்றால் சமவெளியைப் போன்ற பெருந்தொழிற்சாலையைக் கற்பனை செய்தல் பொருந்தாது. பளுவான பொருளை 14 வளைவுகள் ஏற்றி இறக்குவதற்கு ஆகும் செலவே இலாபத்தை விழுங்கிவிடும். எடை குறைவாகவும் மதிப்பு மிகுதியாகவும் உள்ள பொருளே மலைக்கு ஏற்றது. தேன், மிளகு, காப்பிக்கொட்டை, சிறுதானிய அரிசி, பலாச்சுளை வறுவல், பலாக்கொட்டை மாவு ஆகியவை அத்தகையவை. பலாப்பழத்தை முழுதாக லாரியில் ஏற்றுவோமானால், தோலுக்கும் சக்கைக்கும் சேர்த்தே வாடகை கொடுக்கிறோம். மலையிலேயே பதப்படுத்தினால் அந்த வாடகை மிச்சம். கூலி ஊருக்குள் தங்கும். தோல் மாட்டுக்குத் தீவனமாகும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நாமக்கல் மாவட்டத்துக் கொல்லி மலையில் கிடைக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட அம்மலையில் சாமை, தினை, வரகு, கேழ்வரகு ஆகியவை தொன்றுதொட்டு விளைந்தவை. ஜவ்வரிசி ஆலைகளின் தேவையால் மரவள்ளி பரவவே சிறுதானியம் பின்வாங்கியது. அதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சாமையை உமி நீக்கி அரிசியாக்குவதற்குப் பெண்கள் உரலில் இட்டு மணிக்கணக்கில் குத்தவேண்டியிருந்தது. விளைவிக்க ஆணுக்கு மனமிருந்தாலும், குத்துவதற்குப் பெண்ணுக்குக் கை வேண்டுமே! 1990களிலிருந்து அங்கு பணியாற்றிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இவ்விடத்தைக் கூர்ந்து கண்டது. உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊருக்குள் அமைத்து, அவற்றை நடத்தும் பொறுப்பைச் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்தது. நல்ல விதை, சிப்பமிட்ட விற்பனை ஆகியவையும் உடன் சேர்ந்தன. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது, நகரத்தார் தேடிய பொருள் கொல்லி மலைப் பெண்களின் கையில் ஏற்கெனவே இருந்தது.

ஒரு பயிரை மீட்பதற்கு உபதேசம் போதாது என்பதை இதிலிருந்து கற்கலாம். எந்த இடத்தில் உழைப்பு தாங்க முடியாததாக உள்ளதோ அந்த இடத்தில் ஒரு சிறு கருவியை வைக்கவேண்டும்.

பொருளுக்குப் பெயரும் ஒரு மூலதனம். 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ், சிறுமலை வாழைக்கும் விருப்பாட்சி வாழைக்கும் பின்னர் 2019ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் குறியீடு கிடைத்தது. இக்குறியீடு தானாகவே விலையை உயர்த்திவிடாது. ஆனால் வேறிடத்துச் சரக்கை அம்மலையின் பெயரால் விற்பவரைத் தடுக்க அது கருவியாகும். உற்பத்தியாளர்கள் சங்கமாகச் சேர்ந்தால்தான் இதைக் கோரவும் காக்கவும் இயலும்.

தொழில் எதுவாயினும் ஒன்றை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் உற்பத்தி தொடங்கிய ஒரு பெரிய கைப்பேசித் தொழிற்சாலை 2014ல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திடீரென வேலையிழந்தார்கள். அவர்களை நம்பிச் சோற்றுக்கடையும் விடுதியும் வேன் ஓட்டமும் நடத்தியவர்களும் திகைத்தார்கள். உல்லாசப் பயணிகளை மட்டுமே நம்பும் மலையூரும் இத்தகையதே. 2020ல் கொரோனாத் தொற்றால் ஊரடங்கு பிறந்தபோது மலைப்பாதைகள் வெறிச்சோடின. அப்போது தோட்டமும் மாடும் வைத்திருந்த வீட்டுக்கு உணவு இருந்தது. கடை மட்டும் வைத்திருந்த வீட்டுக்குக் கடனே மிஞ்சிற்று.

பின்னர் இளைப்பாறல்

மலைக்கு வரும் விருந்தினரை நாம் வெறுக்கவில்லை. உழைத்தவருக்கு ஓய்வு வேண்டும். ஓய்வுக்குக் குளிர்ந்த இடம் வேண்டும். விருந்தினர் தரும் பணம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதே கேள்வி.

ஒரு குடும்பம் மலையில் இரண்டு நாள் தங்கி 10,000 ரூபாய் செலவிடுவதாக வைத்துக்கொள்வோம். விடுதி வெளியூராருடையது, அரிசியும் காய்கறியும் வாணியம்பாடிச் சந்தையிலிருந்து வருகின்றன, சமையற்காரரும் வெளியூர். அவ்வாறாயின் மலைவாசியின் கையில் விழுவது அறையைப் பெருக்கும் கூலியும் இரவுக் காவற்கூலியுமே. அதே குடும்பம் உள்ளூர் விவசாயியின் வீட்டில் ஒதுக்கப்பட்ட சுத்தமான அறையில் தங்கி, அவர் வயலின் கேழ்வரகுக் களியும் கீரையும் உண்டு, ஊர் இளைஞர் வழிகாட்டச் சிகரம் ஏறி, திரும்பும்போது தேனும் பலா வறுவலும் வாங்கிச் சென்றால், செலவு குறைந்தாலும் அதில் பெரும்பகுதி ஊருக்குள்ளேயே சுற்றும். இமாசலப் பிரதேச அரசு 2008லேயே இவ்வாறான இல்லத் தங்கல் முறைக்குத் திட்டம் வகுத்தது. வீட்டுக்குரியவர் அவ்வீட்டிலேயே குடியிருந்து விருந்தினரை ஏற்பதே இம்முறையின் உயிர்.

அளவு மீறினால் என்ன நேரும் என்பதற்கு நமது பெரிய மலை நகரங்களே சான்று. 1819ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஏறிச் சென்ற நாளிலிருந்து உதகமண்டலம் கீழிருந்து வருவோருக்காகவே வகுக்கப்பட்டது. 1899ல் குன்னூர் வரையிலும் 1908ல் உதகை வரையிலும் ரயில் ஏறியது. பின்பு மோட்டார் வாகனங்கள் ஏறின; ஏறியவை நகர இடமின்றி நின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் மின்னணு அனுமதிச் சீட்டுப் பெற்றே செல்லவேண்டியதாயிற்று. 2025ஆம் ஆண்டுக் கோடையில் நாளொன்றுக்கு நீலகிரிக்கு 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் விதிக்கப்பட்டது. இப்பெரிய ஊர்கள் நூறாண்டுகள் கழித்துப் போட்டுக்கொண்ட வரம்பைச் சிறிய மலையூர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்வது அறிவுடைமை.

மலை எதையும் மன்னிக்கும் என்று எண்ணலாகாது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவுகளால் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டு முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண்சரிவு அடித்துச் சென்றது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெருமழையை நாம் தடுக்க முடியாது. ஆனால் சரிவை வெட்டிக் கட்டடம் எழுப்புவதையும், ஓடையின் வழியை அடைப்பதையும், வேர் பிடித்த மரத்தை வீழ்த்துவதையும் தடுக்க முடியும். மலைப்பகுதிக் கட்டடங்களைக் கட்டுப்படுத்துவதற்கென்றே நம் மாநிலத்தில் 1990ல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. பட்டியலிடப்பட்ட கிராமங்களில் கட்டடம் எழுப்புவோர் அதன் விதிகளுக்கு உட்பட வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

மலையில் எல்லாவற்றையும் முடிவு செய்வது தண்ணீர். மேட்டுநிலத்தின் அடியில் இருப்பது பாறை; பாறைப் பிளவுகளில் தேங்கிய நீரே கிணற்றுக்கும் ஆழ்துளைக்கும் வருகிறது. ஒருவர் ஆழமாகத் துளைத்தால் அடுத்தவர் கிணறு வற்றும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 சதுர மீட்டர் கூரையின்மேல் ஆண்டில் 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் 90,000 லிட்டர் நீர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 72,000 லிட்டர் மிஞ்சும். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம் நால்வர் குடும்பத்துக்கு 220 லிட்டர் தேவை. அப்படியானால் கூரை நீர் ஏறக்குறைய 11 மாதத் தேவைக்குச் சமம். அத்தனையையும் தொட்டியில் சேமிக்க இயலாவிடினும், ஒரு பகுதியைச் சேமித்து மீதியைப் பூமிக்குள் இறக்கலாம்.

மறுபுறம், 20 அறைகள் கொண்ட விடுதியில் 40 பேர் தங்கி, ஆளுக்கு 150 லிட்டர் செலவழித்தால் நாளொன்றுக்கு 6,000 லிட்டர். இது 27 குடும்பங்களின் அன்றாடத் தேவை. எனவே புதிய விடுதிக்கு ஆதரவு கேட்டு வருவோரிடம் பஞ்சாயத்துத் தலைவர் முதலில் கேட்கவேண்டியது, "எத்தனை அறை?" என்பதன்று, "எங்கிருந்து தண்ணீர்? எங்கே போகும் கழிவுநீர்?" என்பதேயாகும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து மலையூர்ப் பஞ்சாயத்துகள் உடனே மேற்கொள்ளக்கூடிய சில காரியங்களைத் தொகுத்துக் கூறுகிறோம்.

1. ஊரின் வளங்களைக் கணக்கெடுத்தல். எத்தனை கிணறு, எந்த மாதத்தில் வற்றுகிறது, எத்தனை பலா, எத்தனை தேன்கூடு, எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது, எத்தனை இளைஞர் வெளியூரில் உள்ளனர் என்பவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். ஆண்டுதோறும் தயாரிக்கப்படும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு இதுவே அடிப்படையாகும்.

2. கிராம சபையைப் பயன்படுத்துதல். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. இவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். மலையூர்கள் அன்று நீர்நிலைகளையும் கட்டட அனுமதிகளையும் பற்றி மட்டுமே பேசினாலும் போதும். ஓராண்டுக்கு வழி பிறக்கும்.

3. கட்டட விதிகளைக் கண்டிப்பாக நிறைவேற்றுதல். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் ஊராட்சிப் பகுதிகளுக்கும் பொருந்தும். அனுமதியின்றி எழும் கட்டடத்தை அடித்தளம் போடும்போதே தடுப்பது எளிது. மூன்று மாடி எழுந்தபின் யாருக்கும் மனம் வராது.

4. குப்பையை மலையிலிருந்து இறக்குதல். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலமெங்கும் தடை உண்டு. நீலகிரியில் 2022ல், காலி மதுப்புட்டியைத் திரும்பக் கொடுப்போருக்கு 10 ரூபாய் தரும் முறை கொண்டுவரப்பட்டது. வைப்புத்தொகை கொடுத்தவர் புட்டியைக் காட்டில் எறிய மனம் கொள்வதில்லை. தண்ணீர்ப் புட்டி முதலியவற்றுக்கும் அடிவாரத்திலேயே இம்முறையை அமைப்பது பற்றி யோசிக்கலாம்.

5. இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பொறுப்பளித்தல். வழிகாட்டுதல், இல்லத் தங்கல், விளைபொருள் விற்பனை ஆகியவற்றில் உள்ளூர்க் குழுக்களுக்கு முதலிடம் தருவதென்று கிராம சபையில் தீர்மானம் இயற்றவேண்டும்.

சமவெளிப் பஞ்சாயத்துகளுக்கும் ஒரு கடமை உண்டு. நம் ஊர்களில் வாடகைக்குக் குடியிருக்கும் மலையூர்ப் பிள்ளைகளுக்குச் சுத்தமான குடிநீரும் கழிப்பிட வசதியும் கிடைக்கின்றனவா என்று பார்ப்பது நமது பொறுப்பே. மேலும் அவர்கள் இங்கு கற்கும் இயந்திரப் பயிற்சியும், கணக்கெழுதும் பழக்கமும், நேரம் தவறாமையும் என்றேனும் அவர்கள் ஊருக்குத் திரும்பவேண்டிய மூலதனமாகும். பலா பதப்படுத்தும் இயந்திரத்தைப் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் மலையில் இருப்பது, பத்துச் சொற்பொழிவுகளைவிட மேலானது.

பெரியவருக்கு விடை

இப்போது தண்டலத்துப் பெரியவரின் கேள்விக்குத் திரும்புவோம். மலையிலிருந்து பிள்ளைகள் இறங்கி வருவது குற்றமன்று. நம் ஊரார் மலையேறிச் செல்வதும் குற்றமன்று. ஆனால் ஏறிச் செல்லும் பணம் இறங்கி வரும் பிள்ளைகளின் வீட்டு வாசலைத் தொடாமலே திரும்பிவிடுகிறதே, அதுவே கணக்கில் உள்ள பிழை. அப்பிழையைத் திருத்தும் எழுதுகோல் பெரும்பாலும் கிராம சபையின் கையில் இருக்கிறது.

சில நாட்களுக்குப் பின் அப்பெரியவரைச் சந்தித்து இவற்றை எடுத்துரைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடுத்த தடவை எங்கள் வீட்டார் ஏலகிரிக்குப் போனால் விடுதியில் தங்கமாட்டோம் ஐயா. மாடியில் இருக்கும் பிள்ளை, தன் அம்மாவிடம் சொல்லி வைப்பதாகச் சொல்லியிருக்கிறான். சோற்றுக்கும் அறைக்கும் காசு வாங்கிக்கொள்ளவேண்டும் என்பது நாங்கள் போட்ட நிபந்தனை" என்றார்.

திட்டங்கள் பெரிதாயிருக்கலாம், தொடக்கம் இத்தகைய சிறு ஏற்பாடுகளிலேதான். மலையூர்ப் பஞ்சாயத்துகளும் சமவெளிப் பஞ்சாயத்துகளும் கலந்து பேசி, ஒருவர் அனுபவத்தை மற்றவர் பயன்படுத்தி, மலையில் பிறந்தவர் மலையிலே மனநிறைவோடு வாழும் நாளை விரைவில் காணப் பாடுபடுவோமாக!